முதல் கரண்டி

தேயிலைக் கலவைக் கம்பெனியின் ருசிக்கூடத்தில் அவருக்கு எதிரே நின்றால் "சார்", முதுகைத் திருப்பினால் "மோப்பக்காரர்". முப்பத்தொரு வருடமாகத் தலைமை டேஸ்டர். நாற்பது கிண்ணங்களை வரிசையாக வைத்தால், எந்த மூட்டை மழையில் நனைந்தது, எந்த மூட்டை சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் பயணம் செய்தது என்று சொல்லிவிடுவார். இந்தத் திறமை தேயிலையோடு நின்றிருந்தால் கூடத்தில் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். அவர் மனிதர்களையும் அப்படியே முகர்ந்துவந்தார்.

வேலை நாட்களில் வெங்காயம் தொடமாட்டார். வாசனைச் சோப்பு கிடையாது. பாலை வாங்கும்போது ஒருமுறை, காய்ச்சிய பின் ஒருமுறை முகர்வார். நடுவில் யாரோ மாற்றிவிட்டிருக்கலாமே. பஸ்ஸில் எவராவது இருமினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மீதியை நடந்துவிடுவார். உடம்பு சரியில்லை என்று ஒருநாள்கூட லீவு போட்டதில்லை. அதைப் பாராட்டி நிர்வாகம் பத்து வருடத்துக்கு ஒன்றாக மூன்று சுவர்க்கடிகாரங்கள் கொடுத்திருந்தது. மூன்றும் மூன்று நேரம் காட்டும். மூன்றையும் அவர் நம்புவதில்லை.

கூடத்தில் அவரையும் சேர்த்து நான்கு பேர். நீளமான வெள்ளை மேடை, அதன்மேல் மூடிபோட்ட சின்னச் சின்னக் கூஜாக்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கிண்ணம், கீழே சக்கரம் வைத்த எச்சில் தொட்டி. கரண்டியில் ஒரு வாய் எடுத்து, காற்றையும் சேர்த்து 'சர்ர்' என்று உறிஞ்சி, நாக்கு முழுக்கத் தெறிக்கவிட்டு, துப்பிவிட வேண்டும். சாப்பிடும்போது சத்தம் போடாதே என்று வீட்டில் குட்டு வாங்கி வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தத்துக்கே இங்கே சம்பளம். கரண்டி அவரவருக்குத் தனி. கிண்ணம் எல்லோருக்கும் பொது. முதல் கரண்டி தலைமை டேஸ்டருடையது. அது கூடத்தின் எழுதாத சட்டம். அவர் உறிஞ்சி நகர்ந்த பிறகு அதே கிண்ணத்தில் கலவை அம்மாவின் கரண்டி இறங்கும். எந்த இலையை எதனோடு எவ்வளவு சேர்ப்பது என்று முடிவுசெய்யும் அம்மாள் அவர். மூன்றாவது, வெந்நீருக்குப் பொறுப்பான கெட்டில்காரர். நான்காவது ஆள் அடுக்குத்தும்மல். தும்ம ஆரம்பித்தால் ஏழுக்குக் குறையாமல் தும்முவதால் அந்தப் பெயர். அவருக்கு மட்டும் ஜன்னலோரம் தனி மேசை, தனிக் கிண்ணங்கள். மோப்பக்காரர் செய்த ஏற்பாடு.

இன்னொரு ஏற்பாடும் அவருடையதுதான். காலையில் மூன்று கோப்பைகள் வைக்கப்படும். ஒன்றில் மட்டும் ஆரஞ்சுத்தோலின் ஓர் இழை ஊறியிருக்கும். எது என்று முகர்ந்து சொல்பவர் உள்ளே வரலாம். தடுமாறுபவர் வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும். மூக்கு வேலை செய்தால் ஆள் வேலை செய்யலாம் என்பது அவர் கணக்கு. ஜலதோஷம் வந்தவனுக்கு முதலில் போவது மணம், மணம் தெரிகிறவனுக்கு ஜலதோஷம் இல்லை என்று அவர் அடித்துச் சொல்வார். டேஸ்டர்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை தோன்றியிருக்காது, தோன்றியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டார்கள்.

இந்தக் கெடுபிடிக்கெல்லாம் காரணம் வீட்டில் இருந்தது. அவருடைய அக்கா.

அக்கா கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போன பிறகு தம்பியோடு வந்து சேர்ந்தார். தம்பி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பார்க்கப்போன இடத்திலெல்லாம் ஏதோ ஒரு வாடை அடித்தது என்பார். அக்காவின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. மாடிப்படி ஏழு ஏறினால் மூன்று நிமிடம் உட்கார வேண்டும். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்த நாள் வந்தபோது அக்காவுக்கு நெஞ்சு நிறைய இருமல். மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

யார் கொண்டுவந்த சளி அது? மோப்பக்காரர் இரண்டு வாரம் விசாரித்தார். வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் மொத்தம் இரண்டே பேர். ஒன்று அவர். அவருக்குத்தான் ஒன்றும் வரவில்லையே. மிச்சம், தினமும் சாயங்காலம் சீட்டு விளையாட வரும் எதிர்வீட்டு டீச்சர். பள்ளிக்கூடத்தில் நாற்பது மூக்குகளுக்கு நடுவே நிற்கிறவர். அந்த வாரம் அவருடைய மூக்குநுனி சிவந்திருந்ததாகவும் ஞாபகம். வேறென்ன சாட்சி வேண்டும்? டீச்சருக்கு வாசலிலேயே சொல்லப்பட்டது.

"கொஞ்ச நாளைக்கு வராம இருந்தா நல்லது."

"எனக்கு ஜலதோஷமே இல்லையே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

டீச்சர் கையிலிருந்த சீட்டுக்கட்டை அவரிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதைக் கதவைத் தாண்டி உள்ளே கொண்டுபோகலாமா என்று இவர் வெகுநேரம் யோசித்தார்.

"சாட்சியையும் விசாரிக்கல, குறுக்கு விசாரணையும் இல்ல, நேரா தீர்ப்பு," என்றார் அக்கா. "இனிமே நான் யாரோட விளையாடுறது? சுவத்துல தொங்குற கடிகாரத்தோடயா?"

ஆபரேஷனுக்கு இரண்டாவதாகக் குறித்த தேதி, மாதத்தின் பத்தொன்பது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா இந்தத் தடவை நேராகவே சொன்னார். "திரும்பவும் சளின்னு வந்தா வரிசையில கடைசிக்குப் போயிடுவீங்க. அத்தனை மாசம் இந்த வால்வு தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

அன்றிலிருந்து மோப்பக்காரருக்கு உலகமே ஒரு பெரிய தும்மலாகத் தெரிந்தது. கைப்பிடிகளை முழங்கையால் திறந்தார். அடுக்குத்தும்மலின் மேசையை இன்னும் இரண்டடி ஜன்னல்பக்கம் தள்ளினார்; இனித் தள்ளினால் ஆள் தெருவில் இருக்க வேண்டும்.

ஏழாம் தேதி, திங்கட்கிழமை. காலையில் எழுந்தபோது தொண்டையில் ஒரு நூல் சிக்கிக்கொண்டதுபோல் இருந்தது. கனைத்தார், போகவில்லை. காய்ச்சல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை, உடம்புவலி இல்லை. தேயிலைத் தூசி என்று முடிவுசெய்தார். கூடத்துக்குப் போய் மூன்று கோப்பைகளை முகர்ந்து, வழக்கத்தைவிட வேகமாக ஆரஞ்சைக் கண்டுபிடித்தார். தேர்வு வைத்தவரும் அவர், எழுதியவரும் அவர், திருத்தியவரும் அவர். நூற்றுக்கு நூறு. பிறகு முதல் கரண்டியை இறக்கி, கிண்ணம் கிண்ணமாக 'சர்ர்' என்று உறிஞ்சிக்கொண்டே போனார். நடுநடுவே ஒரு கனைப்பு.

அதே திங்கட்கிழமை முதல் அக்கா தட்டைத் தன் அறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். கேட்டால், "மனசு சரியில்ல" என்றார். மோப்பக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. டாக்டரம்மா உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். அக்கா உள்ளே உப்பு ஒளித்துவைத்திருக்கிறார். அறையைக் கூட்டுகிற சாக்கில் தலையணைக்கு அடியில்கூடத் தேடினார். அகப்படவில்லை. அகப்படாததே சந்தேகத்தை உறுதிப்படுத்தியது.

வியாழக்கிழமை கலவை அம்மா வரவில்லை, நூற்றிரண்டு டிகிரி. வெள்ளிக்கிழமை கெட்டில்காரர் வந்தார், மூன்று கோப்பைகளையும் முகர்ந்தார், "மூணும் வெந்நீர் மாதிரி இருக்கு சார்" என்று கரகரத்துவிட்டு வந்த வழியே திரும்பினார். கூடத்தில் மிச்சம் இரண்டு பேர். ஜன்னலோரம் அடுக்குத்தும்மல் ஐந்தாவது தும்மலில் இருந்தார்.

ஏழு முடியும்வரை மோப்பக்காரர் காத்திருந்தார்.

"ஏம்ப்பா, ரெண்டு பேரைப் படுக்க வச்சிட்டியே. திருப்திதானா?"

அடுக்குத்தும்மல் கைக்குட்டையை மடித்தார். நாற்பத்தைந்து வயது மனிதர். பன்னிரண்டு வருடமாக இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவருக்கு ஒரு பொறுமை வந்திருந்தது. அன்று காலை அது தீர்ந்துபோயிருந்தது.

"சார், எனக்கு இருக்கறது தூசி ஒவ்வாமை. டாக்டர் சீட்டு நாலு தடவை காட்டியாச்சு. இது ஒட்டாது. ஒட்டுற வியாதியா இருந்தா என் வீட்டுல இத்தனை வருஷத்துல எல்லாரும் அடுக்கடுக்கா தும்மிக்கிட்டு இருக்கணும். என் பொண்டாட்டி ஒரு தும்மல் தும்மினாலே எனக்குப் போட்டியான்னு கேப்பேன்."

"அப்ப அந்தம்மாவுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"அதை நான் சொல்லலாமா?"

"சொல்லேன்."

"நான் இந்த மேசையை விட்டு எழுந்திருக்கறதில்ல. என் கிண்ணம் தனி. உங்க மேடையில என் கரண்டி பட்டு மூணு வருஷமாச்சு. நான் ஒருத்தன்தான் இங்க நல்லா இருக்கேன். படுத்தவங்க ரெண்டு பேரும் உங்க கிண்ணத்துல உங்களுக்கு அடுத்து கரண்டி விட்டவங்க. முதல்ல ரெண்டாவது கரண்டி படுத்துச்சு. அப்புறம் மூணாவது கரண்டி." அவர் கைக்குட்டையைப் பையில் வைத்தார். "திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க கனைச்சதை எண்ணிக்கிட்டு வர்றேன் சார். நேத்து மட்டும் அறுபத்தி நாலு. வேற வேலை? ஒதுக்கிவச்ச ஆளுக்குக் காதுதானே மிச்சம்."

மோப்பக்காரர் கிண்ண வரிசையைப் பார்த்தார். முப்பத்தொரு வருடமாக எதையும் யாரையும் சந்தேகித்து வந்தவர், ஒரே ஒரு ஆளை மட்டும் விசாரணைக்கே கூப்பிடாமல் விட்டிருந்தார். பயிருக்கு வேலி போட்டுவிட்டு, மேய்வது வேலிதானா என்று பார்க்கவில்லை.

"எனக்கு ஆரஞ்சு தெரிஞ்சுதே," என்றார் மெதுவாக.

"மூக்கு அடைக்கலேன்னா சளி வராம போயிடுமா சார்?"

வராந்தாவுக்குப் போய் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டார். டாக்டரம்மா கிடைத்தார்.

"ஒரு நண்பருக்காகக் கேக்கிறேன். அவருக்கு லேசா தொண்டைக் கமறல். காய்ச்சல் இல்ல, ஒண்ணும் இல்ல. இதெல்லாம் ஒட்டுமா?"

"வைரஸா இருந்தா ஒட்டும்."

"லேசாத்தான் இருக்கு."

"அவருக்கு லேசு. அடுத்தவங்களுக்கும் லேசாவே இருக்கும்னு அந்த வைரஸ் எழுதிக் குடுத்திருக்கா? தொந்தரவு தெரியறதுக்கு முந்தின நாளே பரவ ஆரம்பிச்சிருக்கலாம். முதல் ரெண்டு மூணு நாள்தான் அதிகம். அதுக்கப்புறம் குறைஞ்சுக்கிட்டே வரும், சில பேருக்கு ஒரு வாரத்துக்கு மேலயும் இழுக்கும்."

"படுத்துக் கிடக்கிற ஆளைவிடக் கம்மியாத்தானே இருக்கும்?"

"இருக்கலாம். நிறைய இருமறவங்க நிறைய வெளியே விடலாம். ஆனா அவங்க போர்வைக்குள்ள இருக்காங்க. உங்க நண்பர் மாதிரி ஆளுங்க ஆபீஸ் போறாங்க, பக்கத்துல நின்னு பேசறாங்க, எனக்கு ஒண்ணுமில்லன்னு சிரிக்கிறாங்க. ஊரைச் சுத்திவர்றது இவங்கதான்." பிறகு கேட்டார்: "உங்க நண்பர் எங்க குடியிருக்கார்? உங்க அக்கா இருக்கிற வீட்டுலயா?"

மோப்பக்காரருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. மற்றவர்கள் சொல்வதைக் கண்டுபிடித்துத்தான் பழக்கம்.

"ஆமா."

"இன்னிக்கே அவரை வெளியே போகச் சொல்லுங்க."

சளி பிடித்ததோ சனி பிடித்ததோ என்பார்கள். இவருக்கு இரண்டில் எது என்று தெரியாமலே ஐந்து நாள் போய்விட்டது. தினமும் காலையில் அக்காவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது இந்தக் கைதான். அப்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முதல் ஆபரேஷன் தேதி தவறிய அந்த வாரத்துக்கு முன்பும் தொண்டையில் இதே நூல். அப்போதும் தூசி என்றுதான் சொல்லிக்கொண்டார். டீச்சரின் மூக்கு உண்மையிலேயே சிவந்திருந்ததா? அன்று வெயில் எப்படி இருந்தது? இந்த ஞாபகத்தை யார் உள்ளே வைத்தார்கள்?

மானேஜரிடம் முதல்முறையாக லீவுக் கடிதம் கொடுத்தார். மானேஜர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "வேற கம்பெனி கூப்பிட்டுச்சா?" என்று கேட்டார். சந்தேகம் எல்லா வியாதியையும்விட வேகமாக ஒட்டும்போலிருக்கிறது.

பிறகு அக்காவுக்கு போன்.

"நான் வீட்டுக்கு வரல. பத்தொன்பதாம் தேதி வரைக்கும்."

 

"பயந்துட்டியா?"

"எதுக்கு?"

"ஆபரேஷன் வாசல்ல உக்காரணுமேன்னு. போன தடவை தேதி தள்ளிப்போனப்ப உன் மூஞ்சியில ஒரு நிம்மதி வந்துச்சு, பாத்தேன். இவன் வேணும்னே பண்றானோன்னுகூட நினைச்சேன்."

"நான் வேணும்னு பண்ணுவேனா?"

"நீ டீச்சர் வேணும்னு பண்ணினாங்கன்னு சொல்லலியா?"

 நிம்மதி வந்தது உண்மை. வாசலில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நான்கைந்து மணிநேரத்தை நினைக்கவே அவருக்கு இப்போதும் பிடிக்கவில்லை.

"அக்கா, சளி என்கிட்டதான் இருக்கு. இப்பவும், அப்பவும். நான்தான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"திங்கக்கிழமை காலையில நீ கனைச்சே. போன தடவையும் இதே மாதிரி கனைச்சே, நாலாம் நாள் நான் படுத்தேன். அதான் தட்டைத் தூக்கிட்டு உள்ள போயிட்டேன். ஜன்னலைத் தொறந்து வச்சேன். நீ குடுக்கிற மாத்திரையை வாங்கிட்டு, கையைக் கழுவிட்டுத்தான் போட்டேன். நீ என்னடான்னா தலகாணிக்கு அடியில உப்பைத் தேடுறே."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லிருந்தா? மூணு கோப்பையைக் கொண்டுவந்து முகந்து காட்டியிருப்பே." அக்காவின் குரலில் சிரிப்பு இருந்தது; மூச்சு போதாததால் பாதியில் நின்றது. "தப்பிச்சேனா இல்லையான்னு எனக்கே தெரியாது. இன்னும் நாலு நாள் பாக்கணும். சரி, நான் டீச்சரைக் கூப்பிட்டுக்கறேன். இந்தத் தடவை தீர்ப்பு நான் எழுதறேன்."

போக இடம்? ஹோட்டல் அறையில் முந்தின ஆள் யாரோ, தலையணை உறை எப்போது மாற்றியதோ. அடுக்குத்தும்மல்தான் கூப்பிட்டார். "எங்க வீட்டு மாடியில ஒரு அறை சும்மா கிடக்கு. வெளிப்படி தனி. கீழே வரவேணாம், சாப்பாட்டைப் படியில வச்சிடுவோம்." பிறகு முகத்தை இம்மியும் அசைக்காமல் சேர்த்தார்: "ஜன்னலோரம் மேசையும் இருக்கு சார்."

அந்த ஜன்னலோரம் மோப்பக்காரர் ஏழு நாள் உட்கார்ந்தார். தட்டைப் படியிலிருந்து எடுப்பார். ஆறடி தள்ளி நின்றபடி அடுக்குத்தும்மலின் மனைவி உடம்பு எப்படி என்று கேட்பார். அந்த ஆறடியின் நீளம் அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. கலவை அம்மாவுக்கும் கெட்டில்காரருக்கும் போன் செய்து, என்னிடமிருந்து வந்தது என்று சொன்னார். கலவை அம்மா, "பரவாயில்ல சார், நாங்க ரெண்டு பேரும் அடுக்குத்தும்மலைத்தான் திட்டிக்கிட்டு இருந்தோம்" என்றார்.

காலையும் மாலையும் அக்காவோடு போன். பேச்சு எதைப் பற்றியானாலும் இவர் கேட்டது மூச்சை. பதின்மூன்றாம் தேதி மாலை, பேச்சுக்கு நடுவில் அக்கா போனைக் கையால் மூடினார். இரண்டு நொடி ஒன்றும் கேட்கவில்லை.

"இருமினியா?"

"டீச்சர் சீட்டு மாத்திப் போட்டாங்க, பாத்துக்கிட்டிருந்தேன்."

"போனை டீச்சர்கிட்ட குடு."

டீச்சர் பேசினார். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

"சொல்லுங்க."

"இருமினாங்களா?"

"ஒரு தடவை. தண்ணி புரையேறிச்சு."

"உங்களுக்குக் கமறல், கனைப்பு, ஏதாவது...?"

"எனக்கு இல்ல. உங்களுக்கு?"

"குறைஞ்சிருக்கு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க," என்று டீச்சர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

புரையேறலா, இருமலா? அன்றும் மறுநாளும் அவர் அதையே உருட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் இவரைப் பழிவாங்க மறைக்கிறாரா? அக்கா இவருக்காக மறைக்கிறாரா? பதினைந்தாம் தேதி காலை அக்காவிடம் ஒரு பக்கம் செய்தித்தாள் படிக்கச் சொன்னார். நிறுத்தாமல். அக்கா தங்கம் விலை முதல் காணாமல்போன நாய் விளம்பரம் வரை கோர்ட்டு வாக்குமூலம்போல் ஏற்ற இறக்கமில்லாமல் படித்தார். வால்வு இரண்டு இடத்தில் மூச்சை இழுத்தது. இருமல் எங்கும் இல்லை. அவர் போனை வைத்துவிட்டு, அந்த நாய் எப்படிக் காணாமல் போயிருக்கும் என்று யோசித்தார்; கண் மங்கியிருந்ததற்கு அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பதினெட்டாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டீச்சர் கூடப் போனார். டாக்டரம்மா முன்னும் பின்னும் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். இந்தச் செய்தியை டீச்சர் போனில் சொன்னது ஒரே வார்த்தையில்: "சுத்தம்."

மறுநாள் காலை மோப்பக்காரர் மூக்கையும் வாயையும் மூடிய முகமூடியோடு ஆபரேஷன் அறையின் வராந்தாவில் நின்றார். கமறல் போய் ஐந்து நாளாகிவிட்டது. வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவர் சொன்னதை இவர் முழுவதும் நம்பவில்லை. ஆகவே சுவரின் கடைசியில், தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில் நின்றார்.

அக்காவைத் தள்ளுகட்டிலில் கொண்டுவந்தார்கள். பச்சைத் துணிக்குள் அவர் சின்னதாகத் தெரிந்தார். தம்பியைக் கண்டதும் கையை உயர்த்தி நர்ஸை நிறுத்தச் சொன்னார்.

"கிட்ட வா."

"இங்கேயே நிக்கறேன்."

"டாக்டரே சொல்லிட்டாங்கடா. உன்கிட்ட இப்ப ஒண்ணுமில்ல."

"அவங்க சொல்றாங்க. எனக்கு என் மேல நம்பிக்கை இல்ல."

"வாழ்க்கையில ஒருத்தர சரியா சந்தேகப்பட்டே. அதையும் இன்னிக்குத்தான் பண்ணணுமா?"

"உள்ள போ. நீ போற வரைக்கும் நான் நகரமாட்டேன். நீ வர்ற வரைக்கும் நகரமாட்டேன்."

"பயமில்லையா?"

"இருக்கு."

 அக்கா நர்ஸிடம், "போகலாம்மா. இவன் பொய் சொல்லல" என்றார்.

கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. டீச்சர் பெஞ்சில் கைப்பையை நகர்த்தி இடம் செய்தார். மோப்பக்காரர் இரண்டடி வைத்து நின்றார். அப்புறம் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார்.

"நாலு மணிநேரம் ஆகுமாம்," என்றார் டீச்சர்.

"யார் சொன்னாங்க?" என்று கேட்டார் மோப்பக்காரர்.